கைநீட்டி வாங்கிய பல்

உனைசி சந்தையில் வாயைத் திறந்தால் படகுத்துறையில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான். அந்தத் தொண்டைக்காகத்தான் அவளைச் சந்தைப் பெண்கள் சங்கத்துக்குத் தலைவியாக்கினார்கள் என்பது எமோசியின் கட்சி.

"மைக் செட்டு வாங்க சங்கத்துக்கு வக்கில்ல. அதான் இவளை வெச்சு ஓட்டுறோம்" என்பான்.

எமோசி அவளுக்கு மாமன் மகன். சந்தையில் கைவண்டி தள்ளுகிறவன். ரேவா ஆற்றங்கரையில் மாமன் மகனும் அத்தை மகளும் ஒருவரையொருவர் எதைச் சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது; கோபித்துக்கொண்டால்தான் கேவலம்.

"நாளெல்லாம் ஊரான் மூட்டையத் தள்றியே, உன் மூளைய எந்த பஸ்ல ஏத்திவிட்ட முறைக்காரா?" என்று அவளும் பாக்கி வைக்கமாட்டாள்.

அவள் விற்றது ஆற்று மட்டிச் சிப்பி. தண்ணீர் இறங்குகிற வற்றம் பார்த்து, ஊர்ப் பெண்களோடு கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, கால்விரலால் சேற்றைத் துழாவுவாள். விரலுக்கு மட்டி தட்டுப்பட்டதும் மூச்சைப் பிடித்து முங்கி எடுத்து, இடுப்பில் கட்டி மிதக்கவிட்ட பிளாஸ்டிக் தொட்டியில் போடுவாள். பத்து வயதில் பழகிய வேலை. காதில் எப்போதும் ஒரு இரைச்சல் இருந்தது. குளிர்மாதங்களில் தோள்பட்டை பூட்டிக்கொள்ளும். தலைமுடி பாதி நரைத்த பிறகும் வாரத்தில் பாதி நாள் ஆற்றில், பாதி நாள் மேசையில் என்றுதான் காலம் போனது.

புருஷன் மெசாக்கே மலைப்பக்கம் மரம் வெட்டப் போனவன். ஒரு மழைநாளில் சாய்ந்த மரம் எதிர்ப்பக்கம் விழவேண்டியது, அவன் பக்கம் விழுந்தது. ஒப்பந்தக்காரர் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கைகுலுக்கினார். தினக்கூலி ஆளுக்கு நஷ்டஈடு என்று சட்டத்தில் எதுவும் தனக்குத் தெரியவில்லை என்றார். பிறகு ஒரு மூட்டை சர்க்கரையும் ஒரு மூட்டை மாவும் இறக்கிவிட்டுப் போனார். ஊர் குறை வைக்கவில்லை. பாய் வந்தது, பன்றி வந்தது, மண்ணெண்ணெய் டிரம் வந்தது. துக்கம் முடிகிற நூறாம் இரவு வரை யாராவது ஒருத்தி அவள் வீட்டு அடுப்பில் நின்றாள். நூறாம் இரவு முடிந்ததும் பாயைச் சுருட்டினார்கள். மறுநாள் காலையில் அடுப்பு எரியவில்லை என்பதைப் பார்க்க ஆள் இல்லை.

"நம்ம ஊர்ல செத்தா நல்லாச் செய்வாங்க, படுத்தாத்தான் யாரும் இல்ல" என்று அவள் சொல்ல ஆரம்பித்தது அப்போதுதான். ஊர்ப் பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. சொந்தபந்தம் இருக்கும்போது கவர்மெண்டு எதற்கு என்றார்கள். சொந்தபந்தம் இருந்தது உண்மைதான். உறவுக்காரன் வாய்விட்டுக் கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது என்ற வழக்கமும் கூடவே இருந்தது. அவள் எதைச் சேர்த்தாலும் ஒரு சித்தப்பா மகனுக்குப் பள்ளிக்கூடச் சீருடை, ஒரு அத்தை வீட்டுக்குக் கூரைத்தகரம் என்று போய்விடும். எந்த உறவுக்காரன் வாயும் எட்டாத இடத்தில், படுத்த நாளைக்கென்று ஒன்று இருக்கவேண்டும் என்பதுதான் அவள் பிடிவாதம்.

சங்கத்தின் மனுவில் இருந்தது இவ்வளவுதான்: சந்தைக்காரிகள் நோயில் படுத்தால் அரசாங்கம் படி கொடுக்கவேண்டும், வயதானால் கொடுக்கவேண்டும், படுத்திருக்கும் நாளில் மேசையைப் பிடுங்கி அடுத்தவளுக்குக் கொடுக்கக்கூடாது. ஒரு மாதம் மேசை காலியாகக் கிடந்தால் மார்க்கெட் மாஸ்டர் காத்திருக்கிற அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். அது டவுன் கவுன்சில் விதி. அதற்குப் பயந்தே ஒருத்தியும் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டாள்.

பட்ஜெட்டுக்கு முன்னால் ஒவ்வொரு வருஷமும் தலைநகர் சூவாவில் கலந்தாய்வு என்று கூப்பிடுவார்கள். தேநீர், முட்டை சாண்ட்விச், ஏசி குளிர். ஒருமுறை ஓர் இளம் அதிகாரி, மராமா என்று அம்மா முறை போட்டு, மரியாதையாகவே கேட்டான்: "சேமநிதியில பாதி தொழிலாளி கட்டணும், பாதி முதலாளி கட்டணும். உங்க முதலாளி யாரு மராமா?"

"ஆறுதான்" என்றாள் உனைசி.

"அப்ப ஆத்துகிட்ட அதோட பங்கைக் கட்டச் சொல்லுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான், சிரித்தது தன்னைப் பார்த்துத்தான் என்பது அவளுக்கு உறைத்தது.

அடுத்த மேசைக்காரி தன்மத்தி, இந்திய வம்சத்துக்காரி. வெண்டை, பச்சை மிளகாய், பயற்றங்காய், கொத்தமல்லிக்கட்டு. கரும்பு நிலத்தின் குத்தகை முடிந்து புருஷனும் போனபின் டவுனுக்கு வந்தவள். ஒரே மகன் ஆக்லாந்துக்குப் போனவன், போனதோடு சரி. உனைசியைவிடப் பத்து வயது மூத்தவள். உனைசிக்கு அவள் தீதி, அதாவது அக்கா; அவளுக்கு உனைசி பைனி, தங்கை. மதியத்தில் இவள் மட்டியும் தேங்காய்ப்பாலும் கொண்டுவர, அவள் ரொட்டியும் பருப்பும் கொண்டுவர, இருவரும் மேசைக்குப் பின்னால் மிளகாய்க் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தன்மத்திக்குச் சர்க்கரை வியாதி உண்டு. அந்தச் சந்தையில் யாருக்கு இல்லை என்று கேட்பது சுலபம்.

அந்த வருஷம் சந்தைக்குப் புதுக் கூரை போட்டார்கள். திறந்துவைக்க அமைச்சகத்தின் செயலரே வருகிறார் என்று சேதி வந்தது. பெயர் இசிரேலி. வேறொரு மாகாணத்துப் பரம்பரைத் தலைவர் குடும்பத்து ஆள். அதைக் கேட்டதும் உனைசிக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது.

"பேப்பர்ல எழுதிக் கொடுத்துப் பாத்தாச்சு. இந்தத் தடவை பல்லு வெச்சுக் கேப்போம்" என்றாள் எமோசியிடம்.

எமோசி வண்டியை நிறுத்தினான். முகத்தில் கேலி போய்விட்டது. பல் என்றால் தம்புவா, திமிங்கலப் பல். அதை முன்னால் வைத்து ஒன்றைக் கேட்டால், எதிராளி கைநீட்டி வாங்கினான் என்றால் கேட்டதைக் கொடுக்கிறேன் என்று அர்த்தம். கொடுக்க முடியாதவன் தொடக்கூடாது. பெண் கேட்பதும் மன்னிப்புக் கேட்பதும் சண்டையை நிறுத்துவதும் அப்படித்தான்.

"உன்கிட்ட ஏது பல்லு?"

"மெசாக்கே பெட்டியில ஒண்ணு இருக்கு."

"ஓய்லே! அது உன் சாவுச் சடங்குக்கு வெச்சது, பைத்தியமே."

"செத்தவளுக்குப் பல்லு எதுக்கு? அங்க போயிக் கடிக்கவா போறேன்?"

அவன் சிரிக்கவில்லை. "கவர்மெண்டு ஆளுகிட்ட போயி..." என்று இழுத்தான்.

"ஆளு யாரு வீட்டு ஆளு? சம்பளம் கவர்மெண்டு சம்பளம், ரத்தம் நம்ம ரத்தம். கெழங்குக்கு வெளைஞ்ச மண்ணு மறந்துபோகுமா?"

பல்லை வைத்துப் பேசுவது ஆண்களின் வேலை. எமோசியின் முன்னோர்கள் தலைவர்களுக்காகச் சபையில் பேசிய குடி. ஆகவே அவனே பேச ஒப்புக்கொண்டான்.

திறப்புவிழா அன்று செயலர் வந்தார். பூப்போட்ட சட்டை, சாம்பல் வேட்டி, தோல் செருப்பு. நாடாவை வெட்டினார். சடங்குக்குக் கரைத்த யங்கோனா வேர்ச்சாற்றைக் குடித்தார். போட்டோக்காரர்கள் மூட்டை கட்ட ஆரம்பிக்கும்போது எமோசி கட்டம்போட்ட கழுத்துத்துண்டை எடுத்துவிட்டு, ஓலைப்பாயில் முழங்காலிட்டு முன்னே நகர்ந்தான். கையில் தேங்காய்நார்க் கயிறு கட்டிய பழுப்பேறிய பல். சந்தை அடங்கியது. பஸ் ஸ்டாண்டின் ஹாரன் மட்டும் கேட்டது.

"துராங்கா, எங்க ஐயா, இது சின்னப் பல்லு. இதுக்குக் கீழ பெரிய பாரம் இருக்கு. வெயில்ல உக்காந்து இந்த நாட்டுக்குச் சோறு போடுற பொம்பளைங்க பாரம். படுத்தா தாங்கிப் பிடிக்க ஒரு கை வேணும்னு கேக்குறாங்க. அந்தக் கை நீங்கதான்னு நெனைச்சு இந்தப் பல்லை உங்க முன்னால வெக்கிறேன்."

நாளெல்லாம் கிண்டல் பேசுகிறவன் வாயிலிருந்து அப்படி வந்ததைக் கேட்டு உனைசிக்கே உடம்பு சிலிர்த்தது.

செயலர் உடனே கைநீட்டவில்லை. பக்கத்தில் இருந்த கவுன்சில் ஆளைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு இரண்டு கைகளாலும் வாங்கி, வழக்கப்படி பல்லை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து, "இந்தப் பல்லைத் தொட்டேன். இதைக் கொண்டுவந்தவர்களுக்கு வாழ்வு உண்டாகட்டும்" என்றார். பெண்கள் உள்ளங்கையைக் குவித்துக் கைகொட்டினார்கள். புதுக் கூரையில் அந்தச் சத்தம் மோதித் திரும்பியது.

உனைசி அழுதாள். சங்கத்துப் பெண்கள் பாதிப் பேர் அழுதார்கள். தன்மத்தி மட்டும் கொத்தமல்லிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"அவரு சரின்னு சொன்னாரா பைனி?"

"வாங்கிட்டாரே தீதி!"

"வாங்கினாரு. சரின்னு வாயால சொன்னாரா?"

"உங்க ஆளுங்களுக்குக் கையெழுத்துப் போட்டாத்தான் பேச்சு. எங்களுக்குப் பல்லை வாங்கினா முடிஞ்சது. அவரும் எங்க ஆளு. அவருக்குத் தெரியாதா?"

"உங்க சமாச்சாரம். நீ சொன்னா சரிதான்" என்றாள் தன்மத்தி. அவள் அப்படி ஒத்துக்கொண்டது அபூர்வம். உனைசிக்கு அது இன்னும் பெருமையாக இருந்தது.

மற்ற ஊர்ச் சந்தைகளிலிருந்தும் பெண்கள் சேர்ந்து சூவாவில் ஊர்வலம் போவதாக ஏற்பாடு இருந்தது. உனைசி ஒவ்வொருத்திக்கும் போன் போட்டு வேண்டாம் என்றாள். பல்லை வாங்கினவரை வாசலில் நின்று மறுபடியும் கேட்பது அவமரியாதை. கொடுக்கிறவனைச் சந்தேகப்படுகிற மாதிரி. அந்தப் பக்கத்துப் பெண்களும் அதே ஊர்ப்பழக்கம் உடையவர்கள்தானே, "அப்படின்னா சரி" என்று பேனர்த் துணியை மடித்து வைத்தார்கள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் உனைசி, பட்ஜெட்டில் வந்துவிடும் என்று சொன்னாள். எமோசி மட்டும் கொஞ்சம் அமைதியாகிவிட்டான். "அவரு ஏன் அந்தக் கவுன்சில் ஆளைப் பாத்தாரு?" என்று ஒருநாள் கேட்டான். "உன் மூஞ்சியப் பாக்கப் பயந்துபோயி" என்றாள்.

குளிர்மாதம் வந்தது. மேசைப் பக்கம் ஒரு நாற்றம் இருந்துகொண்டே இருந்தது.

"தீதி, உன் வெண்டைக்காய் எதாவது அழுகுதா பாரு."

"ஆத்துச் சேத்தைக் கொண்டாந்து மேசையில கொட்டி வெச்சிருக்கிறது நீ. என் வெண்டைக்காயைச் சொல்ல வந்துட்டா. உன் மட்டிதான் நாறுது."

உனைசி சிரித்துவிட்டு மட்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். செத்தது எதுவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து ரொட்டித் துண்டு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் தன்மத்தியின் இடது காலைப் பார்த்தாள். செருப்பு வார் உரசுகிற இடத்தில் துணி சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தது. தன்மத்தி காலை இழுத்துக்கொள்வதற்குள் உனைசி பையைப் பிரித்துவிட்டாள். கட்டைவிரலும் அடுத்த விரலும் கறுத்திருந்தன. நாற்றம் மேசையின் மேலிருந்து வந்ததல்ல.

"சோம்போ! எத்தனை நாளா தீதி இது?"

"கத்தாத. ஊரே பாக்குது."

"எந்திரி. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"போனா படுக்கையில போடுவாங்க. இந்த மாதிரிக் காலுக்கு மாசக்கணக்குல போடுவாங்க. மேசை என்ன ஆகும்? என்னோட வயித்துக்கு என்ன ஆகும்?" தன்மத்தி பையைத் திரும்பக் கட்டிக்கொண்டே கேட்டாள். "பட்ஜெட் எப்ப?"

"வர்ற மாசம்."

"நம்ம படியும் மேசையும் அதுல வந்துடும்ல?"

உனைசி வாய் திறந்தாள். அந்த இடத்தில் வேறு பதில் சொல்லியிருக்கலாம். அது அவளுக்குப் பிற்பாடு, ஆற்றில் நிற்கும்போதும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதும், எத்தனையோ தடவை தோன்றியது. அன்றைக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு அவள் அதை நம்பினாள்.

"வந்துடும் தீதி. பல்லை வாங்கியிருக்காரு."

"அப்ப அது வந்ததும் போயி நிம்மதியாப் படுத்துக்கிறேன். அதுவரைக்கும் மஞ்சத்தூள் வெச்சுத் தள்ளிடுவேன். நீ யார்கிட்டயும் சொல்லாத."

உனைசி யாரிடமும் சொல்லவில்லை. தினமும் வெந்நீர் வாங்கிவந்து கொடுத்தாள். தன்மத்தியின் காய்மூட்டையை எமோசியின் வண்டியில் ஏற்றி மேசைவரைக்கும் கொண்டுவரச் செய்தாள். இதெல்லாம் உதவி என்று நினைத்தாள்.

பட்ஜெட் அன்று சந்தையில் ரேடியோவை உரக்க வைத்தார்கள். சாலைக்கு இவ்வளவு, துறைமுகத்துக்கு இவ்வளவு, சுற்றுலாவுக்கு இவ்வளவு. மந்திரியின் குரல் நீண்டுகொண்டே போனது. சந்தைப் பெண்கள் நாட்டின் முதுகெலும்பு என்று ஒரு வாக்கியம் வந்தது. பெண்கள் கைதட்டத் தயாரானார்கள். அடுத்த வாக்கியம் சர்க்கரை ஆலையைப் பற்றியது. முடிந்து பாட்டுப் போட்ட பிறகும் உனைசி ரேடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள், விட்டுப்போனதை யாராவது வந்து படிப்பார்கள் என்பதுபோல.

"விட்டிருப்பாங்க. எழுத்துல இருக்கும்" என்றாள். தன்மத்தி மிளகாயைக் கூறு கட்டிக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. குளிர்நாளில் வியர்வை.

மறுநாள் முதல் பஸ்ஸில் உனைசி சூவாவுக்குப் போனாள். செயலர் அவளைக் காக்கவைக்கவில்லை. தானே எழுந்து வந்து நாற்காலி இழுத்துப்போட்டார், தேநீர் சொன்னார். அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நான் கேட்டேன் மராமா" என்றார், அவள் வாய் திறக்கும் முன்பே. "ரெண்டு தடவை எழுதினேன். நிதித்துறையில ஒதுக்க முடியாதுன்னுட்டாங்க. சந்தைக்காரிக்குக் கொடுத்தா கரும்பு வெட்டுறவன் கேப்பான், மீன் பிடிக்கிறவன் கேப்பான், வீட்டு வேலைக்காரி கேப்பா."

"கேக்கட்டுமே துராங்கா. அவங்களும் படுப்பாங்கதானே."

அவர் கோப்பையைச் சுற்றினார்.

"முடியாதுன்னா ஏன் வாங்கினீங்க?"

"அத்தனை பேர் முன்னால கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்றீங்களா? உங்களுக்கு எவ்வளவு பெரிய அவமானம்? உங்க ஊருக்கு? நான் மரியாதைக்கு வாங்கினேன்."

"எங்க ஊர்ல மரியாதைக்குப் பல்லு வாங்கமாட்டாங்க. உங்க ஊர்ல வாங்குவாங்களா?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "எங்க ஊர்லயும் வாங்கமாட்டாங்க" என்றார் கடைசியில். பல் தன்னிடம் இல்லை, போன மாதம் மாமா இறந்தபோது அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டேன் என்றும் சொன்னார்.

படியிறங்கும்போது உனைசிக்குப் புரிந்தது. பல்லை வாங்குகிற தலைவனுக்குப் பின்னால் நிலம் இருக்கும், ஆறு இருக்கும், பேச்சைக் கேட்கிற சனம் இருக்கும். அதிலிருந்து எடுத்துக் கொடுப்பான். இந்த மனுஷனுக்குப் பின்னால் இருந்தது ஒரு நாற்காலி. அதுவும் இரவல். கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லாதவனிடம் போய்க் கேட்டுவிட்டு, கொடுத்தாயிற்று என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். அவர்மேல் வந்த கோபம் பஸ் ஏறுவதற்குள் திரும்பி அவள்மேலேயே வந்து உட்கார்ந்தது. தலைவர் வீட்டு ரத்தம் என்று எமோசியிடம் வாயடித்தது அவள்தானே.

சந்தையில் எமோசி அவளுக்காகக் காத்திருந்தான். கேலி பேசவில்லை, ஏதோ ஆகிவிட்டது என்று அதிலிருந்தே தெரிந்தது.

"தீதி மேசையிலயே சாஞ்சுட்டா. நாந்தான் வண்டியில வெச்சு ரோடு வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போனேன். ஒடம்பு நெருப்பு மாதிரி."

ஆஸ்பத்திரியில் முதலில் விரல்களை எடுத்தார்கள். பிறகு பாதத்தை. விஷம் நிற்கவில்லை என்று முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்று நர்ஸ் சொன்னாள். திட்டவில்லை. தினமும் பலரிடம் சொல்லிப் பழகிய குரலில் சொன்னாள்.

உனைசி சங்கத்தைக் கூட்டினாள். மேசைமேல் ஏறவில்லை, தரையில் நின்றாள். "கிடைக்கல. கிடைச்சிருச்சுன்னு நாந்தான் சொன்னேன். தப்பு" என்றாள். ஒருத்தி, "ஊர்வலத்தை நிறுத்தினது யாரு?" என்று கேட்டாள். இன்னொருத்தி, "நாலு ஊர்க்காரிங்க முன்னால எங்க மூக்க அறுத்துட்டியே" என்றாள். தலைவி பதவி வேறொருத்திக்குப் போனது. ஊர்ப் பெரியவர்களில் ஒருவர், அவள் சாவுக்கு வைத்த பல்லை வீணடித்தவள் என்று சர்ச் வாசலில் காதுபடச் சொன்னார்.

தன்மத்தியின் மேசையை மட்டும் விடக்கூடாது என்றிருந்தாள். மட்டியில் பாதியை அந்த மேசையில் பரப்பினாள். பக்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு கட்டுக் கீரை வைத்தார்கள். மார்க்கெட் மாஸ்டர் இரண்டு முறை பார்த்தும் பார்க்காததுபோல் போனார். மூன்றாம் முறை வரும்போது பின்னால் ஒரு பெண் நின்றாள். அரியெத்தா. வெளியே சாக்குவிரித்து, மழையோ வெயிலோ, மரவள்ளி விற்கிறவள். வயிறு ஏழு மாதமாவது இருக்கும்.

"என்ன பண்றது உனைசி, இவளும் ரொம்ப நாளாக் காத்திருக்கா" என்றார் மாஸ்டர்.

உனைசி சண்டைக்குத் தயாராகத்தான் நின்றாள். அரியெத்தா முதுகில் கைகொடுத்து நின்ற நிலையைப் பார்த்தாள். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, மூத்தவளை அழைக்கும் முறையில், "நேய், உங்களுக்குக் கஷ்டம்னா நான் வெளியவே இருந்துக்கிறேன்" என்றாள் அந்தப் பெண். அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். உனைசி மட்டிகளை வாரித் தன் பக்கம் போட்டுக்கொண்டாள்.

அன்று பார்வையாளர் நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தன்மத்தி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது.

"மேசை போயிடுச்சு தீதி."

"தெரியும். மாசம் ஆச்சே." பிறகு, "உன் மேல கோவம் இல்லன்னு சொல்லமாட்டேன்" என்றாள்.

"சொல்ல வேண்டாம்."

"நீ வந்துடும்னு சொன்ன. நான் நம்பினேன். நீ சொல்லலைன்னா போயிருப்பேனான்னும் தெரியல. மேசைக்குப் பயந்து அப்பவும் போயிருக்கமாட்டேனோ என்னமோ. அதை நெனைச்சு நெனைச்சுத்தான் தூக்கம் வரல." தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். "யாருக்குக் கொடுத்தாங்க?"

"அரியெத்தாவுக்கு. வெளிய உக்காந்து மரவள்ளி விப்பாளே."

"வயித்துப் புள்ளக்காரியா?"

"ஆமா."

தன்மத்தி தட்டையான போர்வையைக் கையால் நீவிவிட்டாள். "அவ பிரசவத்துக்குப் போயிப் படுத்தா அந்த மேசை யாருக்குப் போகும்?"

வரிசையில் அடுத்து ஒருத்தி எப்போதும் நிற்பாள் என்று இருவருக்குமே தெரியும்.

"அவகிட்டப் போயிப் பேசு" என்றாள் தன்மத்தி. "வந்துடும்னு சொல்லாத. வரலைன்னு சொல்லு. சொல்லிட்டு, திரும்பக் கேக்கப் போறப்ப கூட வரச் சொல்லு."

மறுநாள் காலையில் அரியெத்தா அந்த மேசையில் மரவள்ளியை அடுக்கிக்கொண்டிருந்தாள். உனைசி சொன்னாள். படுத்தால் படியும் மேசைக்குப் பாதுகாப்பும் வேண்டும் என்று இவ்வளவு வருஷமாகக் கேட்கிறோம், இன்னும் வரவில்லை, எப்போது வரும் என்று தெரியாது, நின்றுபோன ஊர்வலத்தை மறுபடியும் நடத்தவேண்டும், நீயும் வா என்றாள்.

அரியெத்தா கிழங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "வராததுக்கு நான் எதுக்கு நேய் வரணும்?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

உனைசி மட்டித் தட்டுகளைத் தள்ளிவைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"இந்த மேசையில உனக்கு முன்னால இருந்தவ கதையச் சொல்றேன், கேளு" என்றாள்.